கிணற்றில் பெட்ரோல் வாடை வந்தால் யாரைக் கேட்பது? எரிபொருள் சேர்மானமும் தயாரிப்பாளர் பொறுப்பும்: கேள்வி பதில்கள்

கொங்கு நாட்டில் ஒரு தோட்டத்தை விலை பேசும்போது மண்ணைப் பற்றிக் கேட்பதற்கு முன் தண்ணீரைப் பற்றித்தான் கேட்பார்கள். அந்தத் தண்ணீருக்குப் பக்கத்திலேயே இன்று எரிபொருளும் இருக்கிறது. சேலம்–கோவை நெடுஞ்சாலை நெடுகத் தோட்டத்தை ஒட்டிப் பெட்ரோல் பங்க்குகள். இருகூர், கரூர், சங்ககிரி ஆகிய ஊர்களில் பெரிய எண்ணெய்க் கிடங்குகள். அவற்றுக்கு எண்ணெய் கொண்டுவரும் குழாய்கள் காட்டுக்கு அடியில் போகின்றன. கசிவு நேர்ந்தால் பங்க் வைத்திருப்பவரோடு சண்டை போடுவதுதான் வழக்கம். பெட்ரோலில் என்ன கலப்பது என்று முடிவு செய்தவர்களை யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் கேட்டார்கள், அவர்களிடமிருந்து பணமும் வாங்கினார்கள். அந்தக் கதையையும், நம் ஊரில் அதே கேள்வியைக் கேட்க என்ன வழி இருக்கிறது என்பதையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

எரிபொருள் சேர்மானம் என்பது என்ன? அதை எதற்குக் கலக்கிறார்கள்?

எஞ்சின் தட்டாமல் ஓட வேண்டும், புகை குறைய வேண்டும் என்பதற்காகப் பெட்ரோலில் கலக்கும் பொருள்கள்தான். 1920களிலிருந்து ஈயச் சேர்மத்தைக் கலந்தார்கள். அது காற்றையும் குழந்தைகளின் மூளையையும் கெடுத்தது. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியில் முற்றிலும் நின்றது.

ஈயத்தின் இடத்துக்கு அமெரிக்காவில் வந்தது எம்.டி.பி.இ. முழுப்பெயர் மெத்தில் டெர்ஷியரி பியூட்டைல் ஈதர். 1979 முதல் கொஞ்சமாகக் கலந்தார்கள். 1990இல் திருத்தப்பட்ட தூய காற்றுச் சட்டத்துக்குப் பிறகு, சில பகுதிகளில் விற்ற பெட்ரோலில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் இதுவே இருந்தது. நம் நாட்டுப் பெட்ரோல் தரநிலையும் ஈதர் வகைச் சேர்மானங்களை ஒரு வரம்புக்குள் அனுமதிக்கிறது. ஆனால் இப்போது நம்மிடம் முதன்மையான சேர்மானம் எத்தனால். அதைப் பற்றித் தனியாகக் கீழே சொல்கிறேன்.

பெட்ரோல் கசிந்தாலே கிணறு கெடும்தானே? சேர்மானத்தை மட்டும் ஏன் தனியாகப் பேசுகிறீர்கள்?

கெடும். ஆனால் எவ்வளவு தூரம், எவ்வளவு காலம் என்பதில்தான் வித்தியாசம்.

பெட்ரோலின் பெரும்பகுதி தண்ணீரில் கரையாது. அதில் உள்ள பென்சீன் லிட்டருக்கு 2 கிராம்கூடக் கரையாது. கரைந்ததையும் மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லத் தின்றுவிடும். எம்.டி.பி.இ. தண்ணீரில் லிட்டருக்கு 40 கிராமுக்கு மேல் கரையக்கூடியது. மண்ணில் ஒட்டாது, எளிதில் சிதையாது. நிலத்தடி நீர் என்ன வேகத்தில் போகிறதோ, ஏறக்குறைய அதே வேகத்தில் கூடவே போகும்.

நாக்குக்கும் மூக்குக்கும் அது மிகச் சிறிய அளவிலேயே தெரிந்துவிடும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1997இல் தந்த அறிவுரைப்படி, லிட்டருக்கு 20 முதல் 40 மைக்ரோகிராம் வரைக்குள் இருந்தால்தான் பெரும்பாலோருக்கு வாடையும் கசப்பும் தெரியாது. 20 மைக்ரோகிராமை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 11 விழுக்காடு எம்.டி.பி.இ. கலந்த பெட்ரோல் ஒரு லிட்டரில் அது ஏறத்தாழ 80 கிராம் இருக்கும். 40 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த அளவுக்குக் கொண்டுவர இதுவே போதும். நம் பக்கத்தில் நாற்பதுக்கு நாற்பதடி வெட்டிய கிணற்றில் இருபதடித் தண்ணீர் நின்றால் சுமார் 9 லட்சம் லிட்டர். அப்படி நான்கு கிணறுகளுக்கு ஒரு லிட்டர் பெட்ரோல்! நிலத்தடியில் எல்லாம் இப்படிச் சீராகக் கலந்துவிடாதுதான். ஆனாலும், சின்னக் கசிவு பெரிய வழக்கானது எப்படி என்பது இந்தக் கணக்கில் புரிந்துவிடும்.

எங்கள் பக்கம் எல்லாம் பாறைங்க. பாறைக்குள் பெட்ரோல் எப்படிப் போகும்?

பாறையில் நம் ஆழ்துளைப் போர்களுக்குத் தண்ணீர் வரும் வழியிலேயே அதுவும் போகும். இங்கே மேலே சில பத்தடிக்குச் சிதைந்த பாறையும் மண்ணும் கலந்திருக்கும். அதற்குக் கீழே கெட்டிப் பாறை. அந்தப் பாறையின் வெடிப்புகளில்தான் தண்ணீர் ஓடுகிறது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களைக் கேட்டால், பக்கத்துப் பக்கத்துப் போர்களில் ஒன்றில் தண்ணீர் பீய்ச்சும், மற்றொன்றில் புகைதான் வரும் என்பார்கள். மாசும் அப்படித்தான். பங்க்குக்கு நூறடியில் உள்ள கிணறு தப்பிவிடலாம், அரை மைல் தள்ளி ஆயிரம் அடி போட்ட போர் கெட்டுப்போகலாம். இரவும் பகலும் மோட்டார் ஓடும் போர் அந்த வெடிப்பு வழியாகச் சுற்றுவட்டாரத்து நீரைத் தன் பக்கம் இழுக்கும், மாசையும் சேர்த்து இழுக்கும். ஆகவே "பங்க் அவ்வளவு தூரத்தில் இருக்கிறதே" என்று யாராவது வாதாடினால் அதோடு ஓய்ந்துவிடாதீர்கள். கிணறுகளின் ஆழம், தண்ணீர் வந்த மட்டம், வாடை முதலில் எந்தக் கிணற்றில் வந்தது ஆகியவற்றை ஊர்வாரியாகக் குறித்து வைத்தால் நீரியல் வல்லுநர் ஒருவருக்கு அது பெரிய உதவி.

கசிந்தது பங்க் தொட்டி. பெட்ரோலைத் தயாரித்த கம்பெனி அதற்கு என்ன செய்ய முடியும்?

கம்பெனிகளும் நீதிமன்றத்தில் இதையேதான் கேட்டன. கலிஃபோர்னியாவில் சான்டா மோனிகா நகரம் 1996இல் தன் குடிநீரில் சுமார் பாதியை இழந்தது. தெற்கு டாஹோ ஏரிப் பகுதியின் குடிநீர் வாரியம் தன் கிணறுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மூட நேர்ந்தது. தொட்டி வைத்திருந்த சில்லறை வியாபாரியின் சொத்தை முழுக்க விற்றாலும் அந்த நிலத்தடி நீரைச் சுத்தம் செய்ய முடியாது. எனவே குடிநீர் வாரியம் எண்ணெய் நிறுவனங்கள் மீதும் சேர்மானத்தைத் தயாரித்த நிறுவனத்தின் மீதும் வழக்குப் போட்டது.

அதன் வாதம் எளியது. நிலத்தடித் தொட்டிகள் கசியும் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். கசிந்தால் இந்தப் பொருள் தண்ணீரோடு ஓடும், சிதையாது என்பதும் தயாரித்தவர்களுக்குத் தெரியும். 1986லேயே மெய்ன் மாநிலச் சுற்றுச்சூழல் துறையினர் ஒரு கட்டுரையில், எம்.டி.பி.இ.யைக் கைவிட வேண்டும், இல்லாவிட்டால் இரட்டைச் சுவர்ப் பாதுகாப்புள்ள இடத்தில் மட்டும் சேமிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். இதைத் தெரிந்துகொண்டே, பங்க்காரருக்கும் ஊர்க் குடிநீர் வாரியத்துக்கும் எச்சரிக்கை தராமல் விற்றார்கள். அப்படியானால் குறை தொட்டியில் மட்டும் இல்லை, பொருளிலேயே இருக்கிறது.

2002இல் சான் ஃபிரான்சிஸ்கோ நீதிமன்றத்தின் நடுவர் குழு (ஜூரி) இதை ஏற்றது. எம்.டி.பி.இ. கலந்த பெட்ரோல் குறையுள்ள பொருள் என்றது. எண்ணெய் நிறுவனமான ஷெல், சேர்மானத்தைத் தயாரித்த லயோன்டெல் ஆகிய இரண்டும் கேடு தெரிந்தே நடந்துகொண்டன என்றும் சொன்னது. பிறகு பல நிறுவனங்களோடு செய்துகொண்ட சமரசங்களில் குடிநீர் வாரியத்துக்கு மொத்தம் 6 கோடியே 90 லட்சம் டாலர் கிடைத்தது.

என் பார்வையில் இந்த வழக்கின் உயிர்நாடி, அவர்களுக்கு என்ன தெரியும், எப்போது தெரியும் என்ற கேள்விதான். ஒரு பொருள் கெடுதல் செய்தது என்று மட்டும் காட்டுவதைவிட, கெடுதல் செய்யும் என்று தயாரித்தவருக்கு முன்பே தெரியும் என்று காட்டுவது பல மடங்கு வலுவானது. அதற்கான தாள் பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் அலமாரிக்குள்ளேயே இருக்கும்.

கலக்கச் சொன்னது அரசுதானே? கம்பெனியை ஏன் குறை சொல்ல வேண்டும்?

1990 சட்டம் பெட்ரோலில் ஆக்சிஜன் குறிப்பிட்ட அளவு இருக்க வேண்டும் என்று சொன்னது. எம்.டி.பி.இ.யைத்தான் போட வேண்டும் என்று அதில் இல்லை. எத்தனாலும் போட்டிருக்கலாம். தன் குடிநீர்க் கிணறுகள் கெட்டதற்காக நியூயார்க் நகரம் போட்ட வழக்கில், எண்ணெய் நிறுவனமான எக்சான்மொபில் இந்த வாதத்தைத்தான் வைத்தது. 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. அதே நியூயார்க் வழக்கில், பொருளின் வடிவமைப்பிலேயே குறை என்ற வாதம் 2009இல் நடுவர் குழுவிடம் தோற்றது. கவனக்குறைவு, எச்சரிக்காமல் விட்டது, அத்துமீறல், பொதுத் தொல்லை (ஊருக்கே இடையூறு செய்தது) ஆகியவற்றில்தான் நகரம் வென்றது. கிடைத்தது சுமார் 10 கோடியே 47 லட்சம் டாலர். ஒரே வாதத்தை மட்டும் நம்பிப் போயிருந்தால் கைவிட்டுப் போயிருக்கும்.

எந்தக் கம்பெனிப் பெட்ரோல் கசிந்தது என்றே தெரியாவிட்டால்?

குழாயிலும் கிடங்கிலும் பல நிறுவனங்களின் எரிபொருள் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. கிணற்றில் உள்ள துளியைப் பார்த்து, இது இன்னாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் இதற்குச் சந்தைப் பங்குக் கணக்கை வைத்தது. மாநிலம் முழுவதும் ஆகும் சுத்திகரிப்புச் செலவு சுமார் 81 கோடியே 60 லட்சம் டாலர் என்றும், அந்தக் காலத்துச் சந்தையில் எக்சான்மொபிலின் பங்கு 28.94 விழுக்காடு என்றும் 2013இல் நடுவர் குழு முடிவு செய்தது. அதன்படி அந்த நிறுவனம் கட்ட வேண்டிய தொகை சுமார் 23 கோடியே 60 லட்சம் டாலர். மாநில உச்ச நீதிமன்றம் 2015இல் இதை உறுதி செய்தது.

இந்தக் கணக்கு நம் நீதிமன்றங்களில் இன்னும் வேரூன்றிய விதி ஆகவில்லை. ஆனால் இதன் அடிப்படை எண்ணம் நமக்கு அந்நியமானது இல்லை. திருப்பூர்ச் சாயக்கழிவால் நொய்யல் ஆறு கெட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் என்ன செய்தது? எந்தப் பட்டறையின் சாயநீர் எந்த விவசாயியின் காட்டைக் கெடுத்தது என்று தேடிக்கொண்டிருக்கவில்லை. வெளியேற்றிய கழிவுநீரின் அளவைப் பார்த்து, லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி ஒவ்வொரு பட்டறையும் கட்ட வேண்டும் என்றது.

நொய்யல் வழக்கில் சாயப்பட்டறைகள்தானே மாட்டின? சாயம் தயாரித்தவர்களை யாரும் கேட்கவில்லையே?

நல்ல கேள்வி. நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயநீரைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் இது தோன்றியிருக்கும். பாசனத்துக்குக் கட்டிய அணையையே மூடு, திற என்று கடைமடை விவசாயிகள் போராட வேண்டி வந்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்தது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடவே உத்தரவிட்டது. அத்தனையும் கழிவை வெளியே விட்டவர்களோடு நின்றது.

சட்டத்தில் அதற்கு ஒரு காரணம் உண்டு. சாயக்கழிவைச் சுத்திகரிப்பது பட்டறைக்காரரின் கையில் இருந்தது. வெளியே விட்டதும் அவரே. சாயத்தையும் உப்பையும் முறையாகப் பயன்படுத்தி, கழிவைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் தொழில் செய்ய முடியும் என்று பிறகு திருப்பூரே காட்டியது. எம்.டி.பி.இ. அப்படி இல்லை. எவ்வளவு கவனமான பங்க்காரராக இருந்தாலும் மண்ணுக்கடியில் தொட்டியின் இணைப்பு விடுவது அவர் கண்ணுக்குத் தெரியாது. கேட்டைத் தவிர்க்கும் வசதி யார் கையில் இருந்ததோ அவர் பொறுப்பு என்பதுதான் அளவுகோல். சில பொருள்களில் அந்த வசதி தயாரிப்பவர் கையில் மட்டும்தான் இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் அவரை விட்டுவிடுவது நியாயமே இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, இந்தியச் சட்டத்தில் நமக்கு என்ன வழி?

முதல் வழி, சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். தென்னிந்திய அமர்வு சென்னையில் இருக்கிறது. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆவது பிரிவில் இழப்பீடும், கெட்ட சொத்தையும் சூழலையும் மீட்டுத்தருமாறு உத்தரவும் கேட்கலாம். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற நெறியை 20ஆவது பிரிவு தீர்ப்பாயத்தின் மீது கடமையாகவே வைக்கிறது. விபத்து என்றால் தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே பொறுப்பைச் சுமத்த 17ஆவது பிரிவில் இடமுண்டு. இழப்பீடு கேட்டால் கட்டணம் கேட்கும் தொகையில் ஒரு விழுக்காடு, குறைந்தது 1,000 ரூபாய்.

இதற்கு அடித்தளம் போட்டவை மூன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள். டெல்லி ஸ்ரீராம் ஆலையின் ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் 1986இல் வந்த தீர்ப்பு, ஆபத்தான தொழில் செய்பவர் 'நான் கவனமாகத்தான் இருந்தேன்' என்று சொல்லித் தப்ப முடியாது என்றது. 1996இல் ராஜஸ்தானின் பிச்ரி வழக்கு. சாயத்துக்கான எச்-அமிலம் தயாரித்த ஆலைகளின் கழிவு சுற்றுவட்டாரக் கிணறுகளைக் கெடுத்தது. கிணறு கெட்ட விவசாயிகள் கட்டாயம் படிக்க வேண்டிய தீர்ப்பு இது. அதே ஆண்டு வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற நெறி நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதியானது.

இரண்டாவது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இதில் 82 முதல் 87 வரையான பிரிவுகள் தயாரிப்பாளர் பொறுப்பைப் பற்றியவை. வடிவமைப்பில் குறை, போதிய எச்சரிக்கை தராதது இரண்டுமே 84ஆவது பிரிவில் இருக்கின்றன. பார்த்தால் நம் வழக்குக்கே எழுதியதுபோல் இருக்கும். ஆனால் வழக்குப் போடுபவர் நுகர்வோராக இருக்க வேண்டும். உங்கள் கிணற்றில் கசிந்த பெட்ரோலை நீங்கள் காசு கொடுத்து வாங்கவில்லையே! இந்த ஓட்டையை நாடாளுமன்றம் அடைத்தாக வேண்டும். அதுவரை பக்கத்துத் தோட்டக்காரருக்குப் பசுமைத் தீர்ப்பாயம்தான் பொருத்தமான இடம்.

இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலக்கிறார்களே, அது தண்ணீருக்கு நல்லதா?

எம்.டி.பி.இ.யோடு ஒப்பிட்டால் நல்லது. எத்தனாலை நுண்ணுயிர்கள் விரைவில் தின்றுவிடும், கிணற்றில் ஆண்டுக்கணக்கில் தங்காது. ஆனால் அவை எத்தனாலைத் தின்னும்போது நிலத்தடி நீரில் உள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. அதனால் கூடவே கசிந்த பென்சீன் சிதைவது தள்ளிப்போய், அது இன்னும் தொலைவுக்குப் பரவலாம். பென்சீன் புற்றுநோயை உண்டாக்கும் பொருள். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் அதற்கு வைத்த வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். பழைய தொட்டிகளும் இணைப்புகளும் 20 விழுக்காடு எத்தனாலைத் தாங்குமா என்று சோதித்துப் பார்க்க வேண்டிய கடமை எண்ணெய் நிறுவனங்களுடையது.

வாடை வருகிறது. ஆனால் தண்ணீர்ப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்கிறார்களே?

வழக்கமான பரிசோதனையில் உப்பு, கடினத்தன்மை, அமிலத்தன்மை, நைட்ரேட் போன்றவற்றைத்தான் பார்ப்பார்கள். பெட்ரோல் பொருள்கள் அதில் சிக்காது. 'எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள்' என்ற பரிசோதனையைக் கேளுங்கள். பென்சீன், டொலுவீன், சைலீன், எம்.டி.பி.இ. என்று பெயர் சொல்லி எழுதிக் கொடுங்கள். என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகமாக இருக்கட்டும்.

மாதிரி எடுப்பதில்தான் பல வழக்குகள் கெடுகின்றன. பிளாஸ்டிக் கேனில் பாதி பிடித்து, வண்டியில் வெயிலில் வைத்துக் கொண்டுபோனால் பெட்ரோல் பொருள் வழியிலேயே ஆவியாகிவிடும். ஆய்வகமே தரும் சிறிய கண்ணாடிக் குப்பியில், காற்றுக்குமிழி ஒன்றுகூட இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். ஆய்வகத்து ஆளையே வரச் சொல்லி எடுத்தால் இன்னும் நல்லது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்கப்போவது, மாதிரி எடுத்தது யார் என்பதுதான். எடுத்த தேதி, நேரம், கிணற்றின் சர்வே எண், சாட்சிக் கையெழுத்து நான்கும் இருக்கட்டும். அதுவரை அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், மாட்டுக்கும் காட்டாதீர்கள். காய்ச்சினால் போய்விடும் என்று நினைத்துச் சமையலறைக்குள் காய்ச்ச வேண்டாம், அந்த ஆவியை வீட்டில் இருப்பவர்கள்தான் சுவாசிப்பார்கள்.

பங்க் வைத்திருப்பவர் எங்களுக்கு மாமன் முறை. அவர்மேல் எப்படிங்க வழக்குப் போடுவது?

பொதுத்துறை நிறுவனங்களின் பங்க்குகள் பெரும்பாலானவற்றில் நிலத்தடித் தொட்டியும் பம்பும் நிறுவனத்தின் சொத்து, டீலருடையது இல்லை. உங்கள் மாமாவிடம் நேராகப் போய்ப் பேசுங்கள். தினமும் டிப் குச்சி விட்டு அளந்து எழுதும் இருப்புப் பதிவேடு அவரிடம்தான் இருக்கும். இருப்பு காரணமில்லாமல் குறைந்துகொண்டே போயிருந்தால் அவருக்கும் நட்டம்தான். அவர் அதை நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்திருந்தால் அந்தக் கடிதம் உங்கள் இருவரையும் காப்பாற்றும். பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை. தொட்டி எந்த ஆண்டு புதைத்தது, கடைசியாக எப்போது கசிவுச் சோதனை நடந்தது என்று 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போட்டுக் கேட்கலாம்.

எத்தனை நாளுக்குள் வழக்குப் போட வேண்டும்?

பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீட்டுக்கு, காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 5 ஆண்டுகள். மற்ற சுற்றுச்சூழல் தகராறுகளுக்கு 6 மாதம்தான். தக்க காரணம் இருந்தால் இரண்டுக்கும் மேலும் 60 நாள் தருவார்கள். வாடை வந்த வாரமே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஆட்சியருக்கும் எழுதி, விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள்.

அந்தக் கிணற்றை நாங்கள் இப்போது பயன்படுத்தவில்லை. இழப்பீடு கேட்க முடியுமா?

நியூயார்க் நகரம் வழக்குப் போட்ட ஜமைக்கா பகுதிக் கிணறுகளும் அப்போது பயன்பாட்டில் இல்லை. பிற்காலத்துக்கு என்று வைத்திருந்தவை. அதற்கும் நட்டஈடு உண்டு என்றுதான் தீர்ப்பு வந்தது. வாய்க்கால் தண்ணீர் வராத ஆண்டில் அந்தக் கிணறுதான் உங்கள் தென்னையைக் காப்பாற்றப்போகிறது என்பதைப் பழைய மின் கட்டணச் சீட்டு, பயிர் அடங்கல் ஆகியவற்றைக் காட்டி நிறுவலாம்.

கம்பெனி ஆட்கள் வந்து பேசி முடித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

ஒத்துக்கொள்வதில் தவறில்லை. அமெரிக்காவிலும் பெரும்பாலான வழக்குகள் சமரசத்தில்தான் முடிந்தன. 2008இல் பல எண்ணெய் நிறுவனங்கள் சேர்ந்து சுமார் 42 கோடியே 30 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டன. அடுத்த 30 ஆண்டுகளில் புதிதாகக் கெடும் கிணறுகளைச் சுத்திகரிக்கும் செலவில் பெரும்பங்கையும் ஏற்றுக்கொண்டன. நீங்கள் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது பகுதியை. ஒரு லாரித் தண்ணீரும் ஒரு புதுப் போரும் தருகிறோம், 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று கையெழுத்துப் போடுங்கள் என்று வந்தால் போடாதீர்கள். புதுப் போரும் அதே வெடிப்பில் தண்ணீர் எடுக்கக்கூடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்பெனி செலவில் பரிசோதனை, கெட்டால் கரி வடிகட்டி அல்லது மாற்றுக் குடிநீர், பக்கத்துத் தோட்டங்களுக்கும் அதே உரிமை, தொட்டியைத் தோண்டி எடுத்து மண்ணைச் சுத்தம் செய்யும் கெடு ஆகியவை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும் முன் அதை வக்கீல் ஒருவரும், உங்கள் வாய்க்கால் சங்கத்தில் கணக்குப் பார்க்கும் ஒருவரும் படிக்கட்டும்.